பதினோராவது நிமிஷத்துச் சத்தம்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பெங்களூர்லேருந்து ஒரு ஜாஸ் கேசட்டுக்காக ரயிலேறி வந்திருக்கீங்கன்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன். "அப்பா, உன்ன மாதிரி இன்னொரு ஆளு உலகத்துல இருக்காங்களா?"ன்னு கேட்டா. காபி குடிங்க, ஆறிடப் போகுது.

நீங்க ஃபோன்ல கேட்டது ரெண்டு விஷயம். ஆஸ்வால்ட் ரெபைரோவோட கடைசிக் கச்சேரியை நான் ரெக்கார்ட் பண்ண ஒரிஜினல் கேசட் வேணும், அதை டிஸ்க்காப் போடப் போறீங்க. அது ஒண்ணு. பதினோராவது நிமிஷத்துல அவரு திடீர்னு ஒரு நாலு சுரம் வாசிக்கிறாரே, ரெண்டு சின்னது ரெண்டு பெருசு, அதைப் பிடிச்சுக்கிட்டு எட்டு நிமிஷம் எங்கெங்கயோ போறாரே, அது சர்ச் மணியிலேருந்து வந்ததுன்னு நான் நெட்ல எழுதியிருக்கேன். அதை விவரமாச் சொல்லணும். இது ரெண்டு. சரிதானே?

ரெண்டுக்கும் ஒரே பதில்தான் மேடம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரணும். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வருவேன், பொறுத்துக்கங்க.

நான் டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல முப்பத்தஞ்சு வருஷம். லைன்ல கரகரன்னு வருது, பக்கத்து வீட்டுப் பேச்சு கேக்குது, உய்யின்னு ஊதுதுன்னு கம்ப்ளெயிண்ட் வரும். போய்த் தேடி எடுக்கணும். கைராசிக்காரன்னு பேரு எனக்கு. சத்தம்னா எனக்கு ரெண்டே ரகம். வேணும்கிறது, வேணாம்கிறது. வேலையிலேருந்து ரிட்டயர் ஆயிட்டேன், அந்தப் புத்தி ரிட்டயர் ஆகல.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நாங்க கூடுவோம். அயனாவரத்துல எத்திராஜுலு வீட்டு மாடி. நாலு பேரு, சில சமயம் அஞ்சு. ஆளுக்கு ஒரு ரெக்கார்டு இல்லன்னா கேசட்டு. எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ரெக்கார்டை அட்டையோட காட்டக் கூடாது. தலகாணி உறைக்குள்ள போட்டுத்தான் எடுத்துட்டு வரணும், முதுகைத் திருப்பிக்கிட்டுத்தான் தட்டுல வைக்கணும். வாசிக்கிறது யாருன்னு மத்தவங்க கேட்டுச் சொல்லணும். சொல்லாதவன் அடுத்த வாரம் பக்கோடா வாங்கிட்டு வரணும். எங்க தெருவுல நான் தலகாணி உறையோட போறதைப் பாத்து, லாண்டரிக்குப் போறேன்னே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.

எத்திராஜுலு யாருன்னா, ரயில் பெட்டி ஃபாக்டரியில வெல்டர். அங்க தகரத்தைத் தட்டுற சத்தத்துல இருபது வருஷம் நின்னு நின்னு எடது காது பாதி போயிடுச்சு. அதனால பேசினாலே கத்துவான். எட்டாங்கிளாஸ். அட்டையில பின்பக்கம் இங்கிலீஷ்ல நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும் பாருங்க, அதுல ஒரு வரி படிக்க மாட்டான். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். எந்த வருஷம், எந்த ஊரு, டிரம்ஸ் யாரு, எல்லாம் சொல்லுவேன். இவனுக்கு ஒருத்தன் பேரும் வாயில நுழையாது. அவனே பேரு வெச்சிருப்பான். மூக்கால அழுறவன், கதவு சாத்துறவன், மாமியார். ஊசி விழுந்து அரை நிமிஷம் ஆகாது. "டேய், மாமியார்டா!"ம்பான். தலகாணி உறையை எடுத்துப் பாத்தா மாமியாரேதான். எனக்கு இவ்வளவு படிச்சும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பக்கோடா தண்டம். அதெல்லாம் ஒரு குருட்டு அதிர்ஷ்டம் மேடம், ஞானம்னு சொல்ல முடியாது. முப்பது வருஷமா அதிர்ஷ்டம் அடிச்சுது அவனுக்கு.

அவனுக்குப் பிடிச்சதெல்லாம் மேடைக் கச்சேரி ரெக்கார்டிங்தான். அதுலயும் வாசிப்பை விட ஜனங்க பண்ற அலம்பல். ஒரு ரெக்கார்டுல நடுவுல யாரோ ஒருத்தி கண்ணாடி கிளாஸைப் போட்டு உடைப்பா. அந்த எடம் வந்தா ஒரு கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவான். "பாவம்டா, வீட்டுக்குப் போற வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டுப் போயிருப்பா"ம்பான்.

"அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்ச கிளாஸு எத்திராஜு"ன்னு நான் சொல்லுவேன்.

"இருந்தா என்ன? இப்பத்தானே உடைஞ்சுது?"

இப்படி ஆளுகிட்ட என்ன பேசுறது?

ஒரு நல்ல எடம் வந்தா கத்துவான். "அடி சக்கை!" அவ்வளவுதான். வேற வார்த்தையே கெடையாது. தொண்டையிலேருந்து வராது, அடிவயித்துலேருந்து வரும். அடுப்படியிலேருந்து அவன் சம்சாரம் மனோரஞ்சிதம் சத்தம் போடும். "கீழ் வீட்டுல புள்ளைங்க படிக்குது, மெதுவா!" எனக்கு எரிச்சலா இருக்கும். நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கிற ஆளு. ஒரு நாளும் வாயைத் தொறந்ததில்ல. பாட்டு கேக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?

இப்ப ஆஸ்வால்டுக்கு வரேன். பகல்ல ரயில்வே கார்டு, சாயங்காலம் சாக்ஸபோன். வெளியூர்லேருந்து எத்தனையோ பேரு வந்து வாசிச்சாங்க, இந்த ஆளு நம்ம பெரம்பூர்லயே இருந்தாரு. எண்பத்தொம்பதுல குடும்பத்தோட ஆஸ்திரேலியா கெளம்பிட்டாரு, பெர்த்துக்கு. போறதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் வாரத்துல ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹால்ல ஒரு கடைசிக் கச்சேரி. நான் ரெக்கார்ட் பண்ணணும்னு துடிச்சேன். எங்க ஆபீஸர்கிட்ட ஒரு நல்ல கேசட் டெக் இருந்துச்சு, கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். தொண்ணூறு நிமிஷக் கேசட்டு புதுசு. எல்லாம் நான்தான். எத்திராஜுலு பெருசா ஒண்ணும் செய்யல. ஹால் எலெக்ட்ரீஷியன் அவனுக்குத் தெரிஞ்சவன், அதனால பர்மிஷன் வாங்கினான். அப்புறம் அது மரத்தரை மேடம். ஜனங்க ஆடினா மைக் ஸ்டாண்டும் சேந்து ஆடும், டேப்புல தொம் தொம்னு விழும். அதனால அவன் ஸ்டாண்டை ரெண்டு கையாலயும் தரையிலேருந்து தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மேடை ஓரத்துல உக்காந்திருந்தான். ஒன்றரை மணி நேரம். கையைக் காலை அசைக்கல. அவ்வளவுதான் அவன் செஞ்சது.

பதினோராவது நிமிஷம். மெதுவா ஒரு பாட்டு. ஆஸ்வால்ட் மேல மேல போயி, உச்சியில ஒரு சுரத்தை நிறுத்தி, மூச்சு வாங்க ஒரு கணம் விட்டாரு. ஹால்ல அவ்வளவு நிசப்தம். அப்போ, மைக்குக்கு ஒரு மொழம் தூரத்துல.

"அடி சக்கை!"

என் டெக்குல சத்தத்தோட அளவு காட்டுற முள்ளு செவப்பைத் தாண்டிப் போயி இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஹாலே கொல்லுன்னு சிரிச்சுது. எனக்கு அவனைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு.

ஆஸ்வால்ட் சிரிக்கல. கீழ குனிஞ்சு இவனைப் பாத்தாரு. தலையை ஆட்டினாரு. சாக்ஸபோனை வாயில வெச்சு, அந்த "அடி சக்கை"யைத் திருப்பி வாசிச்சாரு. அப்படியே. ரெண்டு சின்னது, ரெண்டு பெருசு. இன்னொரு தடவை வாசிச்சாரு, கொஞ்சம் வளைச்சு. அப்புறம் அதையே கேள்வியா, கெஞ்சலா, கோபமா, அழுகையா. எட்டு நிமிஷம் மேடம். நீங்க எதுக்காக ரயிலேறி வந்தீங்களோ, அந்த எட்டு நிமிஷம்.

ஆமா. சர்ச் மணி இல்ல. அயனாவரத்து வெல்டர் ஒருத்தன் கத்தினது.

இருங்க, கோவிச்சுக்காதீங்க. இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் அவன் ஒரே பாட்டுதான். "நானும் ஆஸ்வால்டும் சேந்து வாசிச்சோம்ல, அந்தக் கச்சேரி." புதுசா யாரு வந்தாலும் அந்தக் கேசட்டைப் போடச் சொல்லுவான். அந்த எடம் வந்தா மத்தவங்களுக்கு முன்னாடியே தொடையில தட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். யாரும் கேக்க மாட்டாங்க, ரெக்கார்ட் பண்ணவன் யாரு, டெக்கு யாரு கொண்டு வந்தது, லெவல் யாரு வெச்சதுன்னு. பாடுபட்டவன் நானு, பேரு அவனுக்கு. வயித்தெரிச்சல்தான் மேடம். வேற வார்த்தை தேடினா கெடைக்கும், ஆனா இதுதான் சரியான வார்த்தை.

ரிட்டயர் ஆனப்புறம் பொண்ணு ஒரு லேப்டாப் கொடுத்தா. பழைய கேசட்டை எல்லாம் அதுல ஏத்தி, இரைச்சலை எடுக்கிறதுக்கு ஒரு புரோகிராம் இருக்குன்னு தெரிஞ்சுது. மூணு மாசம் வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். என் வேலைதானே அது? ஆஸ்வால்ட் கேசட்டுல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதை ஏத்தினேன். கரகரப்பு போச்சு, ஃபேன் சத்தம் போச்சு. நீங்களே கேட்டிருக்கீங்க, எவ்வளவு சுத்தம்! எட்டடி தள்ளி நின்னு ஆஸ்வால்ட் வாசிக்கிற மாதிரி இல்ல? சொல்லுங்க, இருக்கா இல்லையா? அது என் கைவேலை.

பதினோராவது நிமிஷத்துக்கு வந்தேன். அவன் கத்தினது, ஜனங்க சிரிச்சது, எல்லாம் சேத்து நாலே முக்கால் செகண்டு. எடுத்துட்டேன். இந்தப் பக்கத்து மூச்சையும் அந்தப் பக்கத்து மூச்சையும் ஒட்டினேன். ஒட்டே தெரியாது.

நாய்ஸுன்னு எடுத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா பாருங்க, நாலாவது நிமிஷத்துல ஒருத்தன் இருமுறான், அதை விட்டு வெச்சிருக்கேன். கடைசியில ஒரு தட்டு விழுது, அதுவும் இருக்கு. இது மாதிரி சின்னச் சத்தம் இருந்தாத்தான் மேடைக் கச்சேரி மாதிரி இருக்கும்னு விட்டேன். இதை மட்டும் எடுத்தேன். ஒரு முழு நாள் உக்காந்து எடுத்தேன். எனக்குத் தெரியும் என்ன பண்றேன்னு.

முடிச்சதும், பழசு மேலயே எழுதட்டுமான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஆமான்னு தட்டினேன். கேசட்டு எல்லாம் ஒரு சாக்குல கட்டி, பழைய பேப்பர்க்காரர்கிட்ட போட்டுட்டேன். பூஞ்சை ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குப் பரவும், வீட்டுல வெச்சுக்கக் கூடாது. நீங்க கேட்ட ஒரிஜினல் போன எடம் அதுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு போயிப் போட்டேன். அன்னிக்கு நாங்க மூணு பேருதான். எத்திராஜுலு வழக்கம் போல எட்டாவது நிமிஷத்துலயே நிமிந்து உக்காந்துட்டான். பத்து. பத்தரை. கையைத் தூக்கினான், தொடையில தட்டுறதுக்கு. அந்த எடம் வந்துச்சு. போயிடுச்சு. நாலு சுரம் வந்துச்சு. கை அப்படியே நின்னுச்சு மேடம். அப்புறம் மெதுவா எறக்கி மடியில வெச்சுக்கிட்டான்.

பாட்டு முடிஞ்சுது. நான் அவன் மூஞ்சியைப் பாக்கல.

"நல்லா இருக்குப்பா பிரகாசம்"ன்னான். "சுத்தமா இருக்கு."

வேற ஒரு வார்த்தை கேக்கல. ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன், பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அன்னிக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமைல அவன் கத்துறதை விட்டுட்டான். மாமியார் வந்தாலும் சரி, கிளாஸ் உடைஞ்சாலும் சரி. லேசா சிரிச்சுக்குவான். அப்பாடா, இப்பத்தான் ஒழுங்காக் கேக்கக் கத்துக்கிட்டான்னு நான் நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன், சத்தியமா. எட்டு மாசம் கழிச்சு மாரடைப்புல போயிட்டான்.

அதுக்குள்ள நான் அதை நெட்ல போட்டுட்டேன். பெர்த்துலேருந்து எழுதினாங்க, ஜெர்மனியிலேருந்து எழுதினாங்க. ஒருத்தரு ரெண்டு பக்கத்துக்கு எழுதினாரு. அந்த நாலு சுரம் எங்கேருந்தும் வரல, முன்னாடி வாசிச்ச எதுலயும் அதுக்கு வேர் இல்ல, ஆகாயத்துலேருந்து விழுந்திருக்கு, மேதைன்னா இதுதான்னு. எங்கேருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு என்னைக் கேட்டாரு. என்னை மேடம்! முதல் தடவையா ஒருத்தரு என்னைக் கேட்டாரு. உண்மையைச் சொல்லலாம். சொன்னா, அந்தச் சத்தம் எங்கேன்னு கேப்பாங்க. அதனால, ஆஸ்வால்ட் சின்ன வயசுல எங்க சர்ச்சு மணியைக் கேட்டு வளந்தவரு, அதுதான் இதுன்னு அவரே என்கிட்ட சொன்னாருன்னு எழுதிட்டேன். எங்க சர்ச்சு மணி டங்கு டங்குன்னு ஒரே மாதிரிதான் அடிக்கும். ஆஸ்வால்டு அதுக்கு முன்னாடியே பெர்த்துல செத்துப் போயிட்டாரு. எத்திராஜுலுவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மறுத்துப் பேச ஆளில்லன்னா மனுஷன் என்ன வேணா எழுதுவான்.

தண்ணி குடிச்சிக்கிறேன். நீங்க எழுதிக்கிட்டே இருங்க, பரவாயில்ல.

அவன் போயி ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் காலையில மனோரஞ்சிதம் எங்க வீட்டு வாசல்ல நிக்குது. இத்தனை வருஷத்துல எங்க வீட்டுப் படி ஏறினதில்ல. ஷேர் ஆட்டோவுல வந்து, எங்கயோ தப்பா எறங்கி, வெயில்ல நடந்து வந்திருக்கு. நான் பதறிப் போயி "வாம்மா, சொல்லியனுப்பினா நான் வந்திருப்பேன்ல"ன்னேன்.

"அண்ணே, ஒரு உதவி"ன்னுச்சு. "அவரு குரல் வீட்டுல எங்கயுமே இல்லண்ணே. ஃபோட்டோ இருக்கு, அம்பது அறுபது இருக்கு. ஃபோன்ல தேடிப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. பொண்ணு கல்யாண வீடியோவுல மூணு மணி நேரம் வராரு. வாயசைக்கிறாரு, சிரிக்கிறாரு, யாரையோ கூப்பிடுறாரு. மேல பூரா சினிமாப் பாட்டைப் போட்டு வெச்சிருக்கான் அந்த வீடியோக்காரன். ஒரு வார்த்தை கேக்கல."

நான் எழுந்து ஃபேனைப் போட்டேன்.

"உங்க டேப்புல இருக்குன்னு சொல்லுவாரே அண்ணே. கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு, பிரகாசம்கிட்ட என் குரல் இருக்கு, நூறு வருஷம் ஆனாலும் இருக்கும்னு. ஒரே ஒரு தடவை போடுங்கண்ணே. நான் ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போயிடறேன்."

கடைசி வரைக்கும் சொல்லியிருக்கான் மேடம். அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும். பொண்டாட்டிகிட்டக் கூட என்னைக் காட்டிக் குடுக்கல.

அப்பவாவது நான் சொல்லியிருக்கணும். எழுபது வயசு ஆளு, சர்ச்சுக்குப் போற ஆளு. கால்ல விழுந்து சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேப்பு பரண் மேல இருக்கும்மா, எடுத்து சுத்தம் பண்ணணும். அடுத்த வாரம் வாங்க." சுத்தம் பண்ணணும்னு சொன்னேன்!

அந்த ஒரு வாரம் நான் செஞ்ச வேலையை யார்கிட்டயும் சொன்னதில்ல. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, செல்ஃபோனை பக்கெட்டு மேல வெச்சு, "அடி சக்கை!"ன்னு கத்தினேன். வரல. என் தொண்டையில அது வரல மேடம், பழக்கமே இல்லையே. இருமல் மாதிரி வந்துச்சு. பதினேழு தடவை கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரரு வந்து கதவைத் தட்டி, "சார், வழுக்கி விழுந்துட்டீங்களா?"ன்னு கேட்டாரு. பதினெட்டாவது தேறுச்சு. அதைக் கொஞ்சம் கனமாக்கி, ஹால்ல கேக்கிற மாதிரி எதிரொலி சேத்து, வேற ஏதோ கச்சேரியிலேருந்து ஜனங்க சிரிப்பை எடுத்துப் போட்டு, பதினோராவது நிமிஷத்தை வெட்டி உள்ள வெச்சேன். வெச்சுக் கேட்டா, பிசிறே இல்ல. நான் செஞ்சதுலயே நல்ல ஒட்டு அதுதான். கேக்கும்போது ஒரு நிமிஷம் பெருமையாக் கூட இருந்துச்சு. அதைச் சொல்லவே கூசுது, ஆனா இருந்துச்சு.

மறு வாரம் வந்துச்சு. போட்டேன். முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. அந்த எடம் வந்ததும் கண்ணை மூடிக்கிச்சு. ரொம்ப நேரம் தொறக்கல. அப்புறம் "போதும்ணே"ன்னுச்சு. டிவியில போட்டுக் கேக்கிற மாதிரி ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு, பிரசாதம் வாங்குற மாதிரி.

அன்னிலேருந்து வருஷா வருஷம் தெவசத்துக்கு என்னைக் கூப்பிடும். கிறிஸ்தவன், வேதக்காரன்னெல்லாம் பாக்காம, இலை போட்டு முதல் பந்தியில உக்கார வைக்கும். சாப்பாடு முடிஞ்சதும் ஃபோட்டோவுக்கு முன்னாடி டிவியில அதைப் போடுவாங்க. "தாத்தா எப்படிக் கத்துறாரு பாரு"ன்னு பொண்ணு தன் புள்ளைங்களுக்குச் சொல்லும். புள்ளைங்க அதே மாதிரி கத்திக் காட்டும். என் குரல்ல மேடம். நான் கத்தின மாதிரி. மாப்பிள்ளை கண்ணைத் தொடைச்சுக்குவாரு. நான் பாயசத்தைக் குடிச்சிட்டு, அதுக்குத் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். மூணு வருஷம் உக்காந்தேன்.

போன மாசம் நாலாவது வருஷம். எல்லாரும் கெளம்பினப்புறம் என்னை இருக்கச் சொல்லுச்சு. டிவியிலேருந்து அந்தப் பென் டிரைவை உருவி எடுத்து, என் முன்னாடி வெச்சுது.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே."

"ஏம்மா, ஓடலையா?"

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது." அதை இன்னும் என் பக்கமாத் தள்ளுச்சு. "அன்னிக்கே தெரியும்ணே எனக்கு. உங்க வீட்டுல கேட்டப்பவே தெரியும். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?"

தெரிஞ்சுக்கிட்டே நாலு வருஷம் எனக்கு இலை போட்டிருக்கு.

"கோவம் இல்லண்ணே. என்னவோ ஆயிருக்கு, அந்த டேப்பு கெட்டுப் போயிருக்கும், எனக்காக இவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்காரேன்னுதான் வாங்கிட்டு வந்தேன். புள்ளைங்களுக்காவது ஒரு குரல் இருக்கட்டும்னு போட்டுக்கிட்டு இருந்தேன். நானும் கேட்டேன். தெனமும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

நான் வாயைத் தொறந்தேன். எல்லாத்தையும் கொட்டிடணும்னுதான் தொறந்தேன். அது கையைக் காட்டி நிறுத்துச்சு.

"அவரு குரல் எனக்குள்ள இருந்துச்சுண்ணே. நல்லா ஞாபகம் இருந்துச்சு. வாசல்ல செருப்பை விட்டுட்டு 'மனோ, தண்ணி'ன்னு கூப்பிடுவாரு. அதை நெனச்சுப் பாத்துக்குவேன். இப்பவும் கூப்பிடுறாரு. ஆனா உங்க குரல்ல கூப்பிடுறாரு."

இதை அழாம சொல்லுச்சு மேடம். பால்காரன் கணக்குல ஏதோ தப்புன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லுச்சு.

அவன் ஹால்ல கத்தினதை நான் அழிச்சேன். அவ மனசுல இருந்ததையும் நான்தான் அழிச்சேன். மொதல்ல அழிச்சதுக்கு வயித்தெரிச்சல்னு ஒரு காரணமாவது இருக்கு.

எழுதிக்கங்க. ஒரிஜினல் இல்ல. சர்ச் மணி பொய். அந்த நாலு சுரத்தைக் குடுத்தவன் எத்திராஜுலு, மைக்கைத் தூக்கிப் பிடிச்சவனும் அவன். அவனை எடுத்துட்டு வெட்டி ஒட்டினது ஞானப்பிரகாசம். டிஸ்க்குப் போடுறீங்களோ இல்லையோ, இதைப் போட்டுடுங்க.

அவனைப் பத்தி இன்னும் தெரியணும்னா மனோரஞ்சிதத்தைப் போய்ப் பாருங்க. நானே கூட்டிட்டுப் போறேன், இங்கேருந்து பத்து நிமிஷம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இப்பவும் நான் போறேன். அது ஏன் வரீங்கன்னு கேட்டதில்ல, ஒரு காபி கொண்டாந்து வைக்கும். ஆனா அங்க எல்லாம் நீங்கதான் பேசணும் மேடம். என்னை எதுவும் கேக்காதீங்க. அந்த வீட்டுப் படி ஏறினா நான் ஒரு வார்த்தை பேசுறதில்ல. போறேன், கும்பிடறேன், உக்காந்திருக்கேன், வந்துடறேன். என் குரல் அதுக்கு மறந்து போகணும்ல?